கண் மஞ்சளித்தால் முதலில் எங்கே போவது?

எனக்குப் பத்து வயதில் மஞ்சள் காமாலை வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவனுக்குச் சோறு இறங்கவில்லை. குழம்பு தாளிக்கும் வாசனையே குமட்டியது. மூன்றாம் நாள் பாட்டி என்னை முற்றத்து வெளிச்சத்தில் நிறுத்தி, கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "காமாலைதான்டா" என்றார். மறுநாள் விடியுமுன் வாய்க்கால் கரையிலிருந்து ஒரு பிடி கீழாநெல்லி வந்தது. வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அம்மியில் வெண்ணெய்போல் அரைத்து, சின்ன உருண்டையாக்கி, மோரில் கரைத்து வெறும் வயிற்றில் கொடுத்தார்கள். உப்பில்லாப் பத்தியம். எண்ணெய் கண்ணிலும் படக்கூடாது. மூன்றாவது வாரம் கண் தெளிந்தது, பசி எடுத்தது, பள்ளிக்கூடம் போனேன்.

முப்பது ஆண்டுகள் கழித்து அதே வீட்டில் பெரியப்பாவுக்குக் கண் மஞ்சளித்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. உடம்பெங்கும் அரிப்பு மட்டும். இரவில் முதுகைத் தூணில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மலம் களிமண் நிறத்தில் போகிறது என்று பெரியம்மாவிடம் மட்டும் கூச்சத்தோடு சொல்லியிருக்கிறார். அதே வாய்க்கால் கரை, அதே இலை, அதே பத்தியம். நாற்பத்தைந்து நாள் கழித்துத்தான் ஸ்கேன் எடுத்தோம். கணையத்தின் தலைப்பகுதியில் ஒரு கட்டி, பித்தநாளத்தை நெரித்துக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சைக்கான கட்டம் கடந்துவிட்டது என்றார் மருத்துவர்.

முன்பே போயிருந்தால் பெரியப்பா பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். கணையப் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய பிறகுதான் வெளியே தெரியும். ஆனால் அவருக்கு அந்த வாய்ப்பாவது இருந்ததா என்று பார்க்க வேண்டிய நாற்பத்தைந்து நாட்களை நாங்கள் விட்டுவிட்டோம். யாரும் அலட்சியம் செய்யவில்லை. என்னைக் குணப்படுத்தியதாக வீடு முழுக்க நம்பிய மருந்தை, அன்போடுதான் அவருக்கும் கொடுத்தோம். அதனால்தான் இதை எழுதத் தோன்றுகிறது. நல்ல மனம் படைத்த எத்தனையோ குடும்பங்கள் இன்றும் இதே வழியில் போய்க்கொண்டிருக்கின்றன.

காமாலை ஒரு நோயின் பெயர் அல்ல. பல நோய்கள் பூசிக்கொள்ளும் ஒரே நிறம் அது. ஆயுள் முடிந்த சிவப்பணுக்கள் உடையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதைப் பக்குவப்படுத்தி, பித்தத்தோடு சேர்த்து, பித்தநாளம் வழியாகச் சிறுகுடலுக்கு அனுப்புகிறது. அந்த நாளம் குடலைத் தொடுவதற்குச் சற்று முன் கணையத்தின் தலையை ஒட்டி, அதன் ஊடாகவே செல்கிறது. சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைந்தாலும் கண் மஞ்சளாகும். கல்லீரல் வீங்கினாலும் ஆகும். பித்தநாளத்தைக் கல் அடைத்தாலும், கணையத்துக் கட்டி அதை நெரித்தாலும் ஆகும். மலத்துக்கு நிறம் தருவதும் பித்தம்தான். வழி அடைபட்டால் மலம் வெளுக்கும், சிறுநீர் கடுந்தேநீர்போல் கறுக்கும், தோல் அரிக்கும். பெரியப்பாவின் உடம்பு நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தது. எங்களுக்குத்தான் அந்தப் பாஷை தெரியவில்லை.

எனக்குச் சிறுவயதில் வந்தது பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ ஆக இருந்திருக்க வேண்டும். அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவும் வைரஸ் அது. அதற்கென்று தனி மருந்து இன்றுவரை இல்லை. ஓய்வும் நீரும் எளிய உணவும் போதும், குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் சில வாரங்களில் தாமாகவே தேறிவிடுவார்கள். அந்தச் சில வாரங்களில் எதைக் கொடுத்திருந்தாலும் குணமானதன் பெயர் அதற்கே போயிருக்கும். இப்படிச் சொல்வதால் பாட்டியின் கைப்பக்குவத்துக்குக் குறைவில்லை. அவர் என்னைப் படுக்க வைத்தார், வெயிலில் ஆடவிடாமல் தடுத்தார், செரிக்கும் உணவைத் தந்தார், மோராகவும் கஞ்சியாகவும் உடம்பில் நீர் குறையாமல் பார்த்துக்கொண்டார். இன்றைய மருத்துவரும் ஏறக்குறைய அதைத்தான் சொல்லியிருப்பார்.

இந்த விஷயத்தில் நம் ஊரில் இரண்டு தரப்புகள் இருக்கின்றன. இரண்டின் பேச்சையும் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

ஒரு தரப்பு, காமாலை என்றால் நாட்டு மருந்துதான் என்கிறது. அதில் வெறும் பழக்கம் மட்டும் இல்லை. கீழாநெல்லி காசு கேட்பதில்லை. வைத்தியர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். உட்கார வைத்து, நாக்கை நீட்டச் சொல்லி, நாடி பிடித்து, என்ன சாப்பிட்டாய், எப்படித் தூங்கினாய் என்று விசாரிக்கிறார். பெரிய மருத்துவமனையில் காலை முழுக்க வரிசையில் நின்ற பிறகு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். தனியாரிடம் போனால் சோதனைகளின் பட்டியல் நீள்கிறது, பில்லும் நீள்கிறது. கூலி வேலையை ஒருநாள் விட்டால் அடுப்பு எரியாத வீடுகளில், முதலில் இலையைத் தேடிப் போவதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுதரப்பு, கல்லீரல் மருத்துவர்கள். மூலிகை என்றாலே அவர்கள் முகம் மாறுகிறது என்று பலரும் குறைபட்டுக்கொள்கிறார்கள். அவர்களுடைய வார்டைப் பார்த்தால் அந்த முகமாற்றம் புரியும். வயிற்றில் நீர் கோத்து, நினைவு தடுமாறி, ஒரு மாதம் அங்கும் இங்கும் அலைந்துவிட்டுக் கடைசியாக வருகிறவர்களைத்தான் அவர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு, அதிலும் கடைசி மாதங்களில், ஹெபடைடிஸ் இ வந்தால் உயிருக்கே ஆபத்து. அங்கே ஒரு வாரத் தாமதமும் பெரிது.

வைத்தியர் கண்ணில் படுகிறவர்கள் குணமானவர்கள். குணமாகாதவர்கள் அவரிடம் திரும்பி வருவதில்லை. கல்லீரல் மருத்துவர் கண்ணில் படுகிறவர்கள் குணமாகாதவர்கள். வீட்டிலேயே தேறியவர்கள் அவரிடம் வரவேண்டிய அவசியமே இல்லை. இருவரும் தாம் கண்டதைத்தான் சொல்கிறார்கள், இருவரும் பொய் சொல்லவில்லை. எல்லா நோயாளிகளையும் ஒன்றாக வைத்து எண்ணிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அப்படி எண்ணிப் பார்ப்பதற்குத்தான் ஆராய்ச்சி என்று பெயர்.

அப்படி ஒருமுறை எண்ணிப் பார்க்கப்பட்டது, அதுவும் நம் சென்னையில். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பணியாற்றிய பரூக் பிளம்பெர்க், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடிக்க வழிவகுத்தவர். 1960களில் ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் இரத்தத்தில் அவர் கண்ட புதிய புரதமே அந்த வைரஸின் மேலுறை என்று பின்னர் தெரிந்தது. 1976-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் பிறந்த ஜூலை 28-ஐத்தான் இன்று உலக ஹெபடைடிஸ் நாளாகக் கடைப்பிடிக்கிறோம். அவர் பரிசு பெற்ற சில ஆண்டுகளில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில், எஸ்.பி. தியாகராஜனும் குழுவினரும் கரிசலாங்கண்ணியும் கீழாநெல்லியும் இந்த வைரஸின் மேலுறைப் புரதத்தை என்ன செய்கின்றன என்று சோதனைக்குழாயில் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அதைப் பற்றி 1982-இல் எழுதினார்கள். பின்னாளில் இதே தியாகராஜன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார்.

இரு ஊர்களின் ஆய்வும் ஒன்றுசேர்ந்தது. 1988-இல் லண்டனிலிருந்து வெளிவரும் 'தி லான்செட்' இதழில், தியாகராஜனும் பிளம்பெர்கும் வேறு மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை வந்தது. ஹெபடைடிஸ் பி வைரஸை உடம்பில் நெடுநாளாகச் சுமந்துகொண்டிருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு முப்பது நாள் கீழாநெல்லி. மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரைக்கூடு. முடிந்து இரண்டு மூன்று வாரங்களில் இரத்தத்தைப் பார்த்தபோது, கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. வெறும் கூட்டை விழுங்கிய 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. உலகமே திரும்பிப் பார்த்தது. அதில் தமிழனாக நான் இன்றும் பெருமைப்படுகிறேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் கிடைக்கவில்லை. நெதர்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்தார்கள்; அங்கும் கிடைக்கவில்லை. விளைந்த மண் வேறு, பறித்த பருவம் வேறு, அதனால் முடிவு மாறியிருக்கலாம் என்று ஒரு வாதம் எழுந்தது. முதல் ஆய்வு சிறியது, அதை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது என்று எதிர்வாதம் வந்தது. பல ஆய்வுகளையும் ஒருங்கே அலசிய காக்ரேன் மதிப்பாய்வு 2011-இல் வெளிவந்தது. ஹெபடைடிஸ் பி-க்குக் கீழாநெல்லி இனம் பயன்படும் என்று சொல்ல உறுதியான ஆதாரம் இல்லை, தரமான ஆய்வுகள் இன்னும் வேண்டும் என்று அது சொன்னது. ஆரம்பநிலை ஆய்வு இது, தொடர்ந்து ஆராய வேண்டும் என்று 1988-இல் கட்டுரையாசிரியர்களே எழுதியிருந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. அவர்கள் காட்டிய அந்த நிதானம் நமக்குத்தான் குறைந்துபோனது.

இன்று இரண்டு தரப்பும் இந்த வரலாற்றின் பாதியை மட்டும் கையில் வைத்திருக்கின்றன. 1988-ஐ மட்டும் சொல்லி மருந்து விற்பவர்கள் இருக்கிறார்கள். 2011-ஐ மட்டும் சொல்லி, பச்சிலையில் ஒன்றுமே கிடையாது என்று ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். 'உறுதிப்படவில்லை' என்பதை 'உண்மை' என்றும் படிக்கக்கூடாது, 'பொய்' என்றும் படிக்கக்கூடாது. வேலை பாதியில் நிற்கிறது என்றுதான் அதற்குப் பொருள்.

கல்லீரலுக்கு எது கெடுதல் என்ற கேள்வியிலும் இதே நிதானம் வேண்டும். மருந்தால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 1,288 பேரின் விவரங்களை இந்திய மருத்துவமனைகள் பல சேர்ந்து 2013 முதல் 2018 வரை தொகுத்தன. அவர்களில் கிட்டத்தட்ட 46 விழுக்காட்டினருக்குக் காரணம் காசநோய் மருந்துகள். மூலிகை உள்ளிட்ட மாற்று மருத்துவத்தால் பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 14 விழுக்காடு. இந்தக் கணக்கை இரு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டும். ஆங்கில மருந்து கல்லீரலை ஒன்றும் செய்யாது என்பதும் இல்லை, மூலிகைக்குப் பக்கவிளைவே கிடையாது என்பதும் இல்லை. காசநோய் மருந்தை நிறுத்திவிடுங்கள் என்று யாரும் சொல்லப்போவதில்லை. அது உயிர் காக்கும் மருந்து. சாப்பிடும்போதே கல்லீரலைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறார்கள். மூலிகை சாப்பிடுகிறவருக்கும் அதே அறிவுரையைச் சொன்னால் அதில் அவமதிப்பு எங்கே இருக்கிறது?

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு சீந்தில் கொடிக் கஷாயம் கொதித்தது நினைவிருக்கும். 2021-இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் சாப்பிட்ட பிறகு கல்லீரல் பாதிக்கப்பட்ட ஆறு பேரின் விவரங்களை வெளியிட்டார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. சீந்திலைப் போலவே தோன்றும் வேறொரு கொடி இருக்கிறது, எதைச் சாப்பிட்டார்கள் என்று முதலில் பாருங்கள் என்றது. வாக்குவாதத்தின் சூட்டில் அந்தக் கேள்வியின் முக்கியத்துவம் கவனிக்கப்படாமல் போயிற்று. அமைச்சகம் கேட்டது சரியான கேள்வி. மருத்துவர்களின் எச்சரிக்கையும் சரியானது. இரண்டும் சேர்ந்து ஒரே இடத்தில்தான் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகின்றன: நாம் வாங்குவது இன்ன செடிதான் என்று யார் உறுதி சொல்வது?

கீழாநெல்லிக்கும் அதே கேள்வி உண்டு. இலைக்காம்பின் அடியில் கடுகைவிடச் சற்றுப் பெரிய காய்கள் வரிசையாகத் தொங்குவதால்தான் அந்தப் பெயர். ஆனால் அப்படிக் காய்க்கும் உறவுச் செடிகள் பல இருக்கின்றன. தென்னிந்தியாவின் 25 மூலிகைக் கடைகளில் கீழாநெல்லி என்று விற்றதை வாங்கிச் சோதித்த ஆய்வொன்று 2010-இல் வந்தது. நான்கில் மூன்று பங்கு கடைகளில் அசல் செடியே இருந்தது. மீதிக் கடைகளில் அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு ஐந்து இனங்கள் கிடைத்தன. ஏமாற்ற வேண்டும் என்று கடைக்காரர் செய்திருக்க வேண்டியதில்லை. காய்ந்து சருகான பின் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். பாட்டியைப் போல வாய்க்கால் கரையில் பார்த்துப் பறிக்கிறவர்கள் குறைந்து, பொட்டலத்தில் வாங்குகிறவர்கள் கூடிவிட்ட காலத்தில், செடியின் அடையாளத்தைச் சோதித்து முத்திரையிடும் ஏற்பாடு சித்த மருத்துவத்துக்கே முதல் பாதுகாப்பு. அதை அந்தத் துறையினரே முன்னின்று கேட்டால் மற்றவர்கள் கூட நிற்பார்கள்.

பழைய மருத்துவத்திலிருந்து ஒரு பொருள் சோதனைகளைக் கடந்து எல்லோருக்கும் பொதுவான மருந்தாவது நடக்காத காரியம் இல்லை. கல்லீரல் மருத்துவர்கள் எழுதித்தரும் 'உர்சோ' மாத்திரையைப் பலர் விழுங்கியிருப்போம். அதன் முழுப்பெயரான உர்சோடிஆக்சிகோலிக் அமிலத்தில் 'உர்சோ' என்பது கரடியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சீன மரபு மருத்துவத்தில் கரடிப் பித்தம் நூற்றாண்டுகளாகப் புழங்கியது. அதிலிருந்த பொருளை 1927-இல் ஜப்பானிய ஆய்வாளர் ஷோடா பிரித்தெடுத்துப் பெயரிட்டார். பிறகு அதைக் கரடியின் துணையில்லாமலே ஆய்வகத்தில் செய்யும் வழி பிறந்தது. எந்த நோய்க்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது, எத்தனை மில்லிகிராம் என்று ஆண்டுக்கணக்கில் சோதித்தார்கள். கல்லீரலுக்குள் இருக்கும் நுண்ணிய பித்தநாளங்கள் அழியும் ஒரு நோய்க்கு அது இன்று உலகெங்கும் முதல் மருந்து. மரபு கைகாட்டிய திசையில் போய், சோதனை வரம்பு கட்டியது. கீழாநெல்லிக்கும் அத்தகைய நேர்மையான சோதனை கிடைக்க வேண்டும், முடிவு எதுவாக இருந்தாலும் சரி.

நம் மாநிலத்தில் அதற்குக் களம் தயாராகவே இருக்கிறது. பல அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்த மருத்துவப் பிரிவு அதே வளாகத்திலேயே இயங்குகிறது. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லீரலுக்கென்றே சிறப்புப் பிரிவுகள் கொண்ட அரசு மருத்துவக் கல்லூரிகள் சென்னையில் இருக்கின்றன. ஒரே வேப்பமரத்து நிழலில் இரண்டு கட்டடங்கள். ஒரு கட்டடத்திலிருந்து மற்றதற்கு ஒரு சீட்டுப் போய் வந்தால் போதும், நிறைய மாறிவிடும்.

அந்தச் சீட்டில் என்ன இருக்க வேண்டும்? காமாலையோடு யார் எந்தக் கதவைத் தட்டினாலும், மருந்து தொடங்குமுன் ஒரு கல்லீரல் இரத்தப் பரிசோதனை, ஹெபடைடிஸ் பி, சி சோதனைகள், வயிற்றுக்கு ஒரு ஸ்கேன். அவ்வளவுதான். நாளத்தில் அடைப்பு இல்லை, ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு, நோயாளி பத்தியத்தோடு தேறுவதை இரு தரப்பும் சேர்ந்து கண்காணிக்கலாம். அடைப்பு இருந்தால் அன்றே அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பலாம். சித்த மருத்துவ நூல்களே காமாலையைப் பல வகையாகப் பிரித்து, சிலவற்றை எளிதில் தீராதவை என்று சொல்கின்றன. வகை பிரிப்பதற்கு இன்று ஸ்கேன் என்ற கூடுதல் கண் கிடைத்திருக்கிறது. படித்த சித்த மருத்துவர்கள் பலர் அதை ஏற்கெனவே பயன்படுத்தி வருகிறார்கள்.

ஆங்கில மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள். "பச்சிலை ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்ற கேள்வியைச் சற்று மென்மையாகக் கேளுங்கள். அதட்டலாகக் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். எங்கள் பெரியம்மா அப்படித்தான் சொன்னார். நாற்பத்தைந்து நாள் இலையரைத்துக் கொடுத்த கையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு, "ஒண்ணும் குடுக்கலைங்க" என்றார். பயத்தில் மறைக்கப்படும் அந்த ஒரு பதில் சிகிச்சையையும் கெடுக்கிறது, நாட்டின் ஆய்வுக் கணக்கையும் கெடுக்கிறது.

ஆய்வு என்றதும் "நம்மைச் சோதனை எலி ஆக்குவார்களோ" என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. அந்த அச்சம் நியாயமானது, அதை ஏளனம் செய்யக்கூடாது. 2009 முதல் நம் நாட்டில் மருந்துச் சோதனைகளைப் பொதுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்வது கட்டாயம். 2019-இல் வந்த விதிகள், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், நோயாளியின் எழுத்துப்பூர்வச் சம்மதம், பாதிப்பு ஏற்பட்டால் இழப்பீடு ஆகியவற்றை வகுத்திருக்கின்றன. புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. அதே நேரத்தில், சம்மதித்துச் சேர்ந்த பிறகு உடம்பு தேறிவிட்டது என்று பாதியில் நின்றுவிடாதீர்கள். தேறியவர் வராமல் போனால் அந்த மருந்தின் நல்ல பலன் கணக்கில் சேராது. உடம்பு மோசமானவர் வராமல் போனால் கெட்ட பலன் சேராது. ஆறாம் மாதம் ஒருநாள் வேலையை விட்டு வந்து இரத்தம் கொடுக்கிற மனிதர், முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு உதவுகிறார்.

ஹெபடைடிஸ் பி-யைப் பற்றியும் மனம்விட்டுப் பேச வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் சுமார் மூன்று கோடிப் பேர் அந்த வைரஸோடு வாழ்ந்தார்கள். பெரும்பாலோருக்கு அது தெரியாது. வளைகுடா வேலைக்கான மெடிக்கலிலோ, இரத்த தானத்திலோ, கர்ப்பகாலச் சோதனையிலோ திடீரென்று தெரியவரும். விசா போயிற்று என்ற அதிர்ச்சியோடு ஊர் திரும்பும் இளைஞரிடம், தொண்ணூறு நாளில் வைரஸை ஒழிக்கிறோம் என்று விளம்பரம் பேசினால் அவர் நம்பத்தான் செய்வார். இன்றுள்ள டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் வைரஸை அடக்கி வைக்கும், கல்லீரல் சுருங்குவதைத் தடுக்கும். முழுதாக ஒழிப்பது அரிது. இதை மறைக்காமல் சொல்லும் மருத்துவரை நம்பலாம். 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் பி, சி இரண்டுக்கும் சோதனையையும் மாத்திரையையும் இலவசமாகத் தருகிறது. ஹெபடைடிஸ் சி-யை மூன்று மாத மாத்திரையில் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கைகுலுக்குவதாலோ ஹெபடைடிஸ் பி தொற்றாது. அதற்காக ஒருவருக்குத் தனி டம்ளர் வைப்பதை நம் வீடுகளில் இன்றே நிறுத்திவிடலாம்.

பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அந்த வைரஸ் நிலைத்துவிடுகிறது. பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்குக்கூட நிலைப்பதில்லை. அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி. தைவான் 1984-இல் நாடு முழுவதும் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசியைப் போடும் திட்டத்தைத் தொடங்கியது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அங்கே சிறுவர்களுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. பிளம்பெர்கின் ஆய்வகத்தில் தொடங்கிய தேடல் அந்தக் குழந்தைகளிடம் போய்ச் சேர்ந்தது.

தைவானிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய இன்னொரு பாடமும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், ஏனென்றால் அதற்குச் செலவு ஓர் அட்டை மட்டுமே. சில குழந்தைகள் பித்தநாளம் அடைபட்டே பிறக்கின்றன. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் நிறம் வருவது சகஜம் என்பதால், இளவெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று வீடு காத்திருக்கும். இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் மாறாமல், மலமும் வெளுத்திருந்தால் காத்திருக்கவே கூடாது. ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் கண்ட அறுவை சிகிச்சையை அறுபது நாளைக்குள் செய்தால் பலன் கூடுதல். தைவானில் 2004 முதல் நாடு முழுவதும் தாய்மார்களுக்கு மலத்தின் நிறங்களை அச்சிட்ட அட்டை தருகிறார்கள். குழந்தையின் துணியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, நிறம் வெளுத்திருந்தால் உடனே சொல்ல வேண்டும். 1998-இல் இந்தியாவில் முதன்முதலில் வெற்றிகரமாகக் கல்லீரல் மாற்றம் செய்யப்பட்டது, இதே நோயோடு பிறந்த காஞ்சிபுரத்துக் குழந்தைக்குத்தான். கல்லீரலின் ஒரு பகுதியைத் தந்தவர் தந்தை. அந்தக் குழந்தை வளர்ந்து மருத்துவரானார். எல்லாக் குழந்தைக்கும் அவ்வளவு பெரிய வழி திறக்காது. ஆனால் நம் ஊர் தாய்சேய் நல அட்டையில் அந்த நிறப் பட்டியலை அச்சிடலாம். கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வரும்போது அதைக் காட்டிக் கேட்கலாம். இதில் அரசியல் பேதமோ மருத்துவ பேதமோ குறுக்கே வர இடமே இல்லை.

வாய்க்கால் கரையில் மழை விட்ட பிறகு இன்றும் கீழாநெல்லி முளைக்கிறது. அடுத்த முறை உங்கள் வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளித்தால், இலை பறிக்கப் போகிறவரை யாரும் தடுக்க வேண்டாம். அவர் திரும்பி வருவதற்குள் வேறொருவர் நோயாளியை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய், இரத்தம் கொடுக்க வைத்து, ஸ்கேன் எடுத்துவிடுங்கள். மலம் வெளுத்திருக்கிறதா, அரிப்பு இருக்கிறதா, எடை குறைந்திருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இலை கொடுத்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். முடிவு கைக்கு வரும்வரை அம்மி காத்திருக்கட்டும்.